பேனரில் இருப்பது அவர் பட்டியல் அல்ல

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ‘வயல்வரிசை’ நிறுவனர் திரு. துரைராசு அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர்களே! முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் திருமதி சுடர்விழி அவர்களே! கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் எங்கள் உதவி மையத்துச் சகோதரிகளே! காலையிலேயே வேன் பிடித்து, கடைமடை ஊர்களிலிருந்து தஞ்சாவூருக்கு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஞானாம்பாளின் வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இந்த நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவர். ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது, நடுவில் மெமோ கொடுப்பது என் வேலை. மறைந்த அறிவுச்செல்வன் அவர்கள் எங்கள் தயாரிப்பு மேலாளர். அறுவடை இயந்திரம் வேண்டுமென்று நீங்கள் கைபேசியில் பதிவு செய்கிறீர்களே, அந்தச் செயலி எப்படி இருக்க வேண்டும், யார் வயலுக்கு முதலில் வண்டி போக வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பத்து மூன்று வயதில், மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. எனக்கும் அவருக்கும் ஆறு வருடமாக ஆகாது. இது அலுவலகத்தில் வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவளை அழைத்தால் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, படத்துக்கு மாலை போட்டுவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்துவிட்டார்கள். தப்பாக நினைத்துவிட்டார்கள்!

என் தலைக்கு மேலே ஒரு பேனர் தொங்குகிறது. தயவுசெய்து எல்லோரும் பாருங்கள். அறிவுச்செல்வனின் படம். படத்துக்குக் கீழே, ‘எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளை’. அதற்கும் கீழே, ‘அறிவுச்செல்வன் பரிந்துரைத்த பத்து நூல்கள்’. தலைமைப் பண்பு பற்றி மூன்று, தயாரிப்பு மேலாண்மை பற்றி நான்கு, பணியிடப் பண்பாடு பற்றி மூன்று. அடுத்த வாரம் நம் அலுவலகத்து மாடியில் அவர் பெயரில் வாசிப்பறை திறக்கப் போகிறோம். இந்தப் பத்துப் புத்தகமும் கண்ணாடி அலமாரியில் இருக்கும்.

நான் கேட்கிறேன், இது அவருடைய பட்டியலா? இல்லவே இல்லை! இது என் பட்டியல். ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தவள் நான். இதில் ஒரே ஒரு புத்தகத்தைக்கூட அவர் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. உயிரோடு இருந்தவரை எதை எதிர்த்துச் சண்டை போட்டாரோ, அதையே அவர் படத்துக்குக் கீழே அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம்தானே?

அந்தச் சண்டையைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன், இந்தப் பத்துப் புத்தகத்தின் பெயரையும் அச்சடித்து, நம் கேன்டீன் சுவரில் நான்தான் ஒட்டினேன். மாதம் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், நன்றாக எழுதியவருக்கு ஒரு கிலோ ஸ்வீட். மூன்றாம் நாள் பார்க்கிறேன், என் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள். கோணல்மாணலாக, பென்சிலில் எழுதியது. தலைப்பு, ‘மேடத்தின் புத்தகங்களுக்கு முன்னால் படிக்க வேண்டியவை’. ஒன்று, உதவி மையத்தின் புகார் நோட்டு. இரண்டு, வேலையை விட்டுப் போனவர்கள் எழுதிய விலகல் கடிதங்கள். மூன்று, எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது என்ற விவரம். அவ்வளவுதான் பட்டியல்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“என்னங்க இது? புகார் நோட்டெல்லாம் ஒரு புத்தகமா?”

“அதுல ஊரு பேரு இருக்கு, ஆளு பேரு இருக்கு, தேதி இருக்கு மேடம். உங்க பத்துப் புத்தகத்துல ஒண்ணுலயாவது மணமேல்குடி வாய்க்கா இருக்கா?”

“விலகல் கடிதம் என் பீரோவுல பூட்டி இருக்கு. அதை யாரும் படிக்க முடியாது.”

“அதனாலதான் மேடம் எழுதினேன். தொறந்து வைங்க.”

சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார். கிழித்தேன். ஒட்டினார். இப்படிப் பத்து நாள். கடைசியில் எனக்குத்தான் கை சலித்தது.

சரி, என் புத்தகங்களைப் படிக்காமல் எதிர்த்தாரா? அதுதான் இல்லை! பத்தையும் படித்தார். பென்சிலோடு படித்தார். நிறுவனத்துப் புத்தகத்தில் இப்படிக் கிறுக்கலாமா என்று அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன். நேற்று அந்தப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். தயாரிப்பு பற்றிய ஒரு புத்தகத்தில், வாடிக்கையாளருக்குத் தனக்கு என்ன வேண்டுமென்று சொல்லத் தெரியாது என்று ஒரு வரி. பக்கத்தில் இவர் எழுதியிருக்கிறார், ‘வீரையனுக்குத் தெரியும்’. தலைமைப் பண்பு புத்தகத்தில், கூட்டத்தில் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும் என்று ஒரு அத்தியாயம். ஓரத்தில், ‘நம்மவர் முதலில் பேசுகிறார், கடைசியிலும் பேசுகிறார், நடுவில் மற்றவர் பேசும்போதும் பேசுகிறார்’. நீங்கள் சிரிக்கிறீர்கள். துரைராசு சார் சிரிக்கவில்லை. பரவாயில்லை. நிறுவனம் என்பது ஒரு குடும்பம் என்று சொல்கிற புத்தகத்தில், ‘எந்த வீட்டில் மெயில் அனுப்பிப் பிள்ளையை நீக்குகிறார்கள்?’ என்று ஒரு கேள்வி. இன்று அந்த மனிதரைத்தான் மூத்த பிள்ளை என்று பேனர் அடித்திருக்கிறோம்!

யார் அந்த வீரையன்? இதோ, மூன்றாவது வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன், சம்பா அறுவடை நேரம். நம் செயலிக்கு ஒரு புத்தி இருந்தது. அணை திறந்த தேதியை வைத்து, எல்லா ஊர் நெல்லும் ஒரே சமயத்தில் பழுத்துவிடும் என்று அது கணக்குப் போட்டது. கல்லணையிலிருந்து தண்ணீர் கடைமடை போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை! வீரையன் வயலுக்கு வண்டி போகும், கதிர் பச்சையாக இருக்கும், அவர் வேண்டாமென்று திருப்பி அனுப்புவார். இரண்டு முறை திருப்பி அனுப்பியவரை வரிசையின் கடைசியில் தள்ளிவிட வேண்டும் என்பது நம் விதி. தள்ளிவிட்டோம். அவர் நெல் பழுத்தபோது வண்டி இல்லை. பிறகு மழை வந்தது. நான்கு ஏக்கர் நெல் சாய்ந்து, தண்ணீரிலேயே முளைத்துப் போனது.

பதினோரு முறை போன் செய்திருக்கிறார். பதினோரு முறையும் எடுத்தவர் நம் உதவி மையத்துக் கமருன்னிஸா. ஒவ்வொன்றையும் அந்த நோட்டில் எழுதினார். “தண்ணி எங்களுக்கு இருவது நாளு தாமசமாத்தாங்க வரும், அது உங்க செல்லுக்குத் தெரியாதா?” இது ஏழாவது போன். பதினோராவது போனில், “இனிமே வண்டி வேணாங்க, அறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அறிவுச்செல்வன் எழுந்து நின்று, பதினொன்றையும் படித்தார். நம் நிறுவனர் என்ன சொன்னார் தெரியுமா? “தம்பி, டேட்டா பேசட்டும். ஆளு பேச வேணாம்.” இவர் உட்காரவில்லை. “பதினோரு போனு சார். இதுவும் டேட்டாதான்.” அவர்கள் இருவரும் போக, அந்த அறையில் பதினான்கு பேர் இருந்தோம். மாதம் ஒரு புத்தகம் படித்து, துணிந்து உண்மை பேசுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதி, ஸ்வீட் வாங்கிய பதினான்கு பேர்! ஒருவராவது வாயைத் திறந்தோமா? இன்று முன்வரிசையில் கைக்குட்டையும் கையுமாக இருக்கிறீர்களே நண்பர்களே, அன்று எங்கே போயிருந்தது இந்தக் கண்ணீர்? நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது மட்டுமா? அன்று சாயங்காலமே அவருக்கு மெமோ கொடுத்தேன். ‘நிறுவனப் பண்பாட்டுக்கு ஒவ்வாத நடத்தை.’ அந்த வாசகம் என்னுடையது. மெமோவோடு, எல்லோரோடும் இணங்கிப் போவது எப்படி என்று ஒரு புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு!

அடுத்த சம்பாவுக்கு என்ன நடந்தது? கமருன்னிஸாவும் மற்ற மூன்று பெண்களும் கடைமடை ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, “உங்க வாய்க்கால்ல தண்ணி என்னைக்கு வந்துச்சுங்க?” என்று கேட்டுக் கேட்டு, கையாலேயே தேதியை ஏற்றினார்கள். அறிவுச்செல்வன் அந்தத் தேதிப்படி வரிசையை மாற்றினார். அந்த வருடம் வீரையன் நெல் வீடு வந்து சேர்ந்தது. அதற்கு நம் நிறுவனத்துக்கு விருது கிடைத்தது. விருதை வாங்கியது யார்? பதினோரு போனையும் கேட்க மறுத்தவர். புகைப்படத்தில் கமருன்னிஸா இருக்கிறாரா? தேடிப் பாருங்கள்!

விவசாயப் பெருமக்களே, நீங்களும் ரொம்ப யோக்கியம் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி வரவில்லை என்றால் கமருன்னிஸாவைப் போனில் திட்டாத ஊர் உண்டா? அந்தத் திட்டையும் எழுத்து மாறாமல் நோட்டில் எழுதிவைத்த பெண் அவர்.

அறிவு, உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் கடைமடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்களே, வீட்டில் ஒரு பெண்பிள்ளை காத்திருந்தாளே, அது நியாயமா? சுவரில் பட்டியல் ஒட்டத் தெரிந்த உங்களுக்கு, என் அறைக்கு வந்து, ‘மேடம், எனக்குத் துணைக்கு நில்லுங்கள்’ என்று ஒரு முறை கேட்கத் தெரியவில்லையா? கேட்டிருந்தால் நின்றிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

துக்கம் கேட்க வீட்டுக்குப் போனபோது சுடர்விழி என்னிடம் சொன்னார். “உங்க பத்துப் புத்தகத்தையும் ரெண்டு தடவ படிச்சாருங்க. மேடம் கஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்திருக்காங்க, படிக்காம பதில் சொன்னா மரியாதை இல்லன்னுவாரு.” நாற்பது பேர் எழுதித் தந்த பக்கங்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது, அது எனக்கு அப்போதே தெரியும். என் பட்டியலை மதித்து முழுதாகப் படித்த ஒரே மனிதர், அதை எதிர்த்தவர். அதைக் கேட்டுவிட்டு அந்த வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நான் அழுதேன். அதை மறைக்க எனக்கு இப்போது விருப்பமில்லை.

இனி, இந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். உதவி மையத்தை மூடப் போகிறார்கள். நான்கு பெண்களுக்கும் வேலை போகிறது. இனி நீங்கள் போன் செய்தால் கம்ப்யூட்டர் குரல் பேசும், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும். போன மாதம் இந்த முடிவு எடுத்தபோது, அறிவுச்செல்வன் எங்கள் அனைவருக்கும் ஒரு மெயில் அனுப்பினார். ‘போனை எடுக்க ஆள் இல்லாவிட்டால், நாம் செய்த தவறு நமக்கே தெரியாமல் போய்விடும்.’ யாரும் பதில் போடவில்லை. அலுவலகம்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவர் அப்பாவுக்கும் இதே வயதில் இதயம்தான். ஆனால் பதில் வராத அந்த மெயிலோடுதான் அவர் போனார்.

நேற்று துரைராசு சார் என்னைக் கூப்பிட்டார். “மேடம், அறிவும் இந்த மாற்றத்துக்கு ஆதரவாத்தான் இருந்தாருன்னு ஒரு வரி சேத்துக்குங்க. வந்திருக்கறவங்க அமைதியா போவாங்க.” சேர்த்துவிட்டேன் சார்! எல்லோரும் கேட்டார்கள் அல்லவா?

நீங்கள் எழுந்து நிற்பது தெரிகிறது சார். மைக்கை அணைக்கச் சொல்வதும் தெரிகிறது. இந்த மண்டபத்தில் மைக் இல்லாமலும் என் குரல் கேட்கும்.

எனக்கு முன் பேசிய நான்கு பேரும் அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னார்கள். எந்தப் பணியை? ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அறிவுச்செல்வனுக்கு நான் கொடுத்த மெமோ தவறு. இத்தனை பேர் சாட்சியாக, அவர் மனைவி முன்னால், அதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு வருடம் தாமதம். மன்னித்துவிடுங்கள் சுடர்விழி.

அடுத்தது, வேலை நீக்கக் கடிதங்கள். நான்கும் தயாராக என் மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போடவில்லை. போட மாட்டேன்! வேறு யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளலாம் சார், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன்னால் ஐந்தாவதாக ஒரு கடிதம் அடிக்க வேண்டியிருக்கும். என் பெயர் ஞானாம்பாள். எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

கமருன்னிஸா, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க. வழக்கம்போல போனை எடுங்க. பக்கத்து நாற்காலியில நான் இருப்பேன். சம்பா அறுப்பு தொடங்கியாச்சு, ரெண்டு கை பத்தாது.