வள்ளிநாயகி டீச்சரின் இரண்டு திருகுகள்

எனக்குக் கைராசி உண்டு என்று ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் பகுதியில் பலரும் சொல்வார்கள். நானாகச் சொல்லிக்கொண்டதில்லை, மறுத்ததும் இல்லை. விசாரணைக்கு உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவருடைய மாமியாருக்கும் நான்தான் பல் பிடுங்கினேன். வலித்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை வள்ளிநாயகிக்குக் கீழ்த்தாடையில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. தொண்ணூற்றிரண்டாம் வருடம் அவர் தாடை எலும்புக்குள் இரண்டு டைட்டேனியம் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் பல்செட்டைப் பொருத்தினேன். ஜார்ஜ் டவுனில் அப்போது இம்ப்ளாண்ட் வைக்கத் துணிந்தவர்கள் சொற்பம். பல்செட் ஏறிய சில நாளிலேயே டீச்சர் முறுக்குக் கடித்தார். கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கான பயிற்சியைச் சிங்கப்பூரில் பெற்றேன். கடைசி நாள் பிற்பகல் பராமரிப்பு வகுப்பு. சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பா என்று கடைவீதிக்குப் போய்விட்டேன். அத்தனை வருடம் பல் சுரண்டியவனுக்கு அது தேவையா, நீங்களே சொல்லுங்கள்.

டீச்சர் தவறாமல் சுத்தம் செய்துகொள்ள வருவார். மற்றவர்களின் பற்களைப் போலவே அவர் திருகுகளையும் எஃகுக் கருவியால் சுரண்டி அனுப்புவேன். ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. இன்னும் அழுத்திச் சுரண்டினேன்.

என் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் அருந்ததி ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“டாக்டர், இம்ப்ளாண்ட்ல ஸ்டீல் போடக்கூடாது. கீறல் விழும், அதுல கிருமி தங்கிடும். பிளாஸ்டிக்தான் போடணும்,” என்றாள்.

டீச்சர் காதில் விழ, நர்ஸ் காதில் விழச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

“நீ சும்மா இரும்மா,” என்றார் டீச்சர். “டாக்டருக்குக் கைராசி லா. எனக்குத்தான் இனிப்பு நீர் வியாதி, அதான் ரத்தம் வருது.”

அருந்ததியை என்னுடைய பட்டர்வொர்த் கிளினிக்குக்கு மாற்றினேன். அவள் சொன்னது சரியா என்று புத்தகங்களைப் புரட்டினேன். சரிதான். உடனே பிளாஸ்டிக் கருவிகளை வரவழைத்தேன். இம்ப்ளாண்ட் வைத்த மற்ற எல்லோருக்கும் அன்றிலிருந்து அவைதான். ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆகவே நான் கற்றுக்கொள்ள மறுத்தவன் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

டீச்சருக்கு மட்டும் எஃகையே வைத்துக்கொண்டேன்.

சீழ் பிடித்தது. வேறு டாக்டரிடம் ஒருமுறை காட்டட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தேவையில்லை என்றேன், அவரும் போகவில்லை. வீக்கம் தாடையிலிருந்து தொண்டைக்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் மூச்சடைத்து இறந்துபோனார்.

தெரிந்த பிறகும் அவருக்கு மட்டும் ஏன் கருவியை மாற்றவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மாற்றியிருந்தால் நர்ஸ் வழியாக அது பட்டர்வொர்த்துக்கு எட்டியிருக்கும். அதுவரை வந்த ரத்தத்துக்கெல்லாம் நான்தான் காரணம் என்று அருந்ததி நினைத்திருப்பாள். செய்யாத தப்பை நான் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்?