ஒரே மூச்சில் சொல்லும் பெயர்

— "5-2-1953, வியாழன். நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். யாரையும் கேட்காமல் பிள்ளையை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை." இம்புட்டுத்தாங்க எழுதியிருக்கேன். பிழை இருந்தாலும் இருக்கும். டீச்சர் இன்னும் பாக்கல.

— எழுத்துல பிழை இல்ல, கண்ணாத்தா. என்ன பேரு சொல்லிக் கூப்ட்ட?

— பிரகதாம்பான்னு. நம்ம புதுக்கோட்டை அம்மன் பேருதானே. தப்பா?

— பேரு தப்பில்ல. நம்ம புள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு.

— அதான் தவறுன்னு எழுதியிருக்கேன்ல. சாயங்கால வகுப்புல அப்புடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நடந்ததை எழுதணும், தப்பு இருந்தா அதத்தான் மொதல்ல எழுதணும், கடைசியில மறுநா வேலைய எழுதணும். நீங்க கடலையப் பாத்து உடைங்க, பருப்பு நசுங்குது.

— அது கெடக்கு. மியாங்கிற பேருக்கு என்ன கொறை?

— கொறை பேருல இல்லங்க, கூப்புடுற வாயில இருக்கு. அம்மை குத்த வந்தவரு மீரான்னு எழுதிக்கிட்டுப் போனாரு. மேல வீட்டு மூக்காயி அக்கா மாயிங்கிது. பள்ளிக்கூடத்துப் பயலுக வேலிக்கு அங்கிட்டு நின்னு மியாவ் மியாவ்னு கத்துறானுங்க. இவளும் பூனை வந்துருச்சுன்னு கையத் தட்டிச் சிரிக்கிறா. ஊருலயே எங்க ஆத்தா ஒண்ணுதான் அந்தப் பேர ஒழுங்காச் சொல்லுது. அது பல்லு போன வாயி, அதனால வருதோ என்னமோ.

— பூனைன்னே இருக்கட்டும். வீட்டுல எலித் தொல்லை இருக்காது.

— வெளையாடாதீங்க. வாசல்ல நாய் கொலைக்குது, யாருன்னு பாருங்க.

— நாந்தான், தங்கச்சி. நல்லதம்பி. நாய்க்குத் தெரிஞ்சிருக்கு, ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியல. என்ன மாப்ள ஆண்டிச்சாமி, பொண்டாட்டி படிக்கிறா, நீ கடலை உடைக்கிறியாக்கும்?

— வாங்க மச்சான், ஒக்காருங்க. நீங்களும் ஒரு கை உடைங்க.

— உடைச்சாப் போச்சு. ஆலங்குடி பஸ்ஸ விட்டு எறங்கி நேரா வாரேன். ஆசாரிக்குச் சொல்லியாச்சு, கெடாய்க்குச் சொல்லியாச்சு. திங்கக்கெழம கோயில்ல ஒம் மகளுக்கு முடியெறக்கிக் காதுகுத்து. உக்காரப் போறது எம் மடியில. நாஞ் சொல்றது சரிதானே?

— தாய்மாமன் மடி இருக்க, வேற யாரு மடி மச்சான்?

— அங்கதான் வம்பு. ஊசிய எடுக்குறதுக்கு முன்னாடி மாமங்காரன் புள்ள காதுல மூணு தரம் பேரச் சொல்லணும், அம்புட்டுச் சனமும் கேக்க. நான் என்னான்னு சொல்லுவேன்? மிய்யா... மீயா... பாரு, வருதா? நாக்கு மடங்கிப் போயி மூலையில ஒக்காருது.

— ரெண்டாப் பிரிக்காதீங்க மச்சான். ஒரே மூச்சுல. மியா.

— ஒனக்கு வரும்ப்பா, நீ பர்மாத் தண்ணி குடிச்சவன். ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டு யாவாரி ஷேக் பரீது சந்தையில வச்சு என்னைக் கேக்குறாரு: "என்ன நல்லதம்பி, ஒம் மருமகளுக்கு எங்காளு பேர வச்சிருக்கியாமே, சொல்லவே இல்ல? நானும் ஒரு வீசை கருவாடு சீரு கொண்டாரவா?"

— கொண்டாரச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?

— சிரிக்காத தங்கச்சி. நாஞ் சொல்றதக் கேளு. நீ சொன்ன பிரகதாம்பாளே நல்ல பேரு. கோயில்ல வச்சே மாத்திப்புடுவோம்.

— ஓகோ. அண்ணனும் தங்கச்சியும் முன்னாடியே பேசி வச்சாச்சு.

— ஆமாங்க. நாந்தான் அண்ணனுக்குச் சொல்லி விட்டேன். அதுவும் தப்புத்தான், அதையும் எழுதிக்கிறேன்.

— மாத்த வேண்டாம் கண்ணாத்தா.

— ஏன் வேண்டாம்? ஒரு காரணம் சொல்லுங்க.

— புண்ணியவதி பேரு. அன்னைக்கே சொன்னேன்ல.

— எந்தப் புண்ணியவதி? பேறுகாலம் ஆயி நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள பேர வச்சுட்டீங்க. யாருன்னு கேட்டா கம்மாய்ப் பக்கம் எந்திரிச்சுப் போயிருவீங்க. அண்ணன் இருக்கிறப்பவே கேட்டுப்புடுறேன், கேக்கலாமா கூடாதான்னு தெரியல. இந்தப் பக்கத்து ஆம்பளைங்க எத்தனையோ பேரு பர்மாவுல ஒரு குடும்பம் வச்சிருந்தாங்க. நீங்களும் அங்க இருந்துதானே வந்தீங்க? எம் மகளக் கூப்புடுறப்பல்லாம் மனசுக்குள்ள வேற ஒருத்திய நெனச்சுக்கிட்டுக் கூப்புடுறீங்களா?

— தங்கச்சி, மெதுவா. புள்ள தூங்குது.

— பயலுக மியாவுன்னு கத்துறதெல்லாம் சாக்குத்தான் அண்ணே. இதுதான் எனக்கு நெஞ்சுல முள்ளாக் கெடக்கு. சொல்லுங்க. நெனச்சுக்கிட்டா கூப்புடுறீங்க?

— ஆமா. நெனச்சுக்கிட்டுத்தான் கூப்புடுறேன்.

— கேட்டீங்களா அண்ணே!

— மாப்ள, நாஞ் சொல்றேன்னு நெனைக்காத. இந்த வார்த்தையச் சொல்றதுக்கு நீ வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்.

— மச்சான், நான் ஒண்ணு கேக்குறேன். ஒங்க அப்பாருக்குக் கொள்ளி வச்ச பங்காளிய இன்னுமா தேடுறீங்க?

— அத எதுக்கு இப்ப இழுக்குற?

— தேடுறீங்களா இல்லையா?

— தேடாம இருப்பேனா? பெத்த அப்பனுக்கு நெருப்பு வைக்கக் குடுத்து வைக்காத பய நான். மூக்கன் மகன்னு பேரு, அவ்வளவுதான். சண்டைக்காலத்துல நீ பர்மாவுலருந்து நடந்து வந்து எங்க வாசல்ல நின்ன. "மில்லுல கூட வேலை பாத்த மாமன் பேதியில போயிட்டாரு"ன்ன. "கொள்ளி வச்சது யாருய்யா"ன்னு கேட்டேன். "ஆலங்குடிப் பக்கத்துப் பங்காளி ஒருத்தரு, பேரு தெரியல"ன்ன. பத்து வருசமா ஆலங்குடிச் சந்தையில நரைச்ச தலையக் கண்டா நின்னு கேக்குறேன்: "ஐயா, பர்மாவுல இருந்தீங்களா?" ஒருத்தன் ஆமான்னு சொல்லணும். அவன் கால்ல நான் விழுகணும். அந்தக் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.

— சந்தையில தேடாதீங்க மச்சான். அது ஆம்பளக் கையி இல்ல.

— என்ன சொல்ற?

— கொள்ளி வச்சவ பேருதான் மியா.

— ஏங்க... என்னங்க சொல்றீங்க?

— மில்லு வாசல்ல சோறு வித்தவ. எங்க அம்மா வயசு இருக்கும். புருசன் இல்ல, புள்ளையும் இல்ல. குண்டு விழுகவும் மொதலாளி கப்பலேறிட்டாரு, ஆளுங்க எல்லாம் நடையக் கட்டிட்டாங்க. மாமன் பேதியில விழுந்தாரு. விட்டுட்டு வர எனக்கு மனசில்ல. மறுநா நானும் விழுந்தேன். ரெண்டு பேரையும் அவதான் தன் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போனா. நம்ம பேச்சுல தண்ணி, சோறு, காசு, இந்த மூணு சொல்லுதான் அவளுக்குத் தெரியும். அன்னையிலருந்து காசுங்கிற சொல்ல அவ எடுக்கவே இல்ல.

— அப்பாவுக்குக் கடைசித் தண்ணி?

— அவ கையிதான். மாமன் ஒம் பேரச் சொன்னாரு, மச்சான் பேரச் சொன்னாரு. பொறவு பேச்சு நின்னு போச்சு.

— மாப்ள... பொம்பளையா கொள்ளி வச்சா? பொம்பளைங்க சுடுகாட்டுக்கே வர மாட்டாங்களே.

— அது நம்ம ஊரு வழக்கம் மச்சான், அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் பாய்ல கெடந்துக்கிட்டு சைகையில சொன்னேன். எடது தோள்ல பானை, மூணு சுத்து, பொறவு நெருப்பு. மகன் செய்யணும். மகன் இல்லன்னா, மகன் பேரச் சொல்லிச் செய்யணும். அவளுக்கு ஒங்க பேரு வாயில வரல. "நலதபி"ன்னா. நான் தலைய ஆட்டுனேன். "நல்லதபி"ன்னா. அதுக்கும் ஆட்டுனேன். பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து சொல்லிச் சொல்லிப் பழகுனா. தப்பாச் சொல்லி நெருப்பு வச்சா அது மகனுக்குப் போயிச் சேராதுன்னு அவளா நெனச்சுக்கிட்டா.

— எம் பேரையா?

— ஒங்க பேரத்தான். மாட்டு வண்டியில மாமனையும் என்னையும் சேத்துப் போட்டு, அவளே ஓட்டிக்கிட்டுப் போனா. சோறு வடிக்கிற பானையத்தான் தோள்ல தூக்குனா, வேற பானை இல்ல. நெருப்ப வைக்கிறப்ப "நல்லதம்பி"ன்னா. சுத்தமா, நம்ம ஊரு ஆளு சொல்ற மாதிரி. வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்னு சொல்லியிருந்தேன். அவ திரும்பிப் பாத்துட்டா. பாத்து அழுதா. அது ஒண்ணுதான் அவ செஞ்ச தப்பு.

— அது தப்பில்லங்க. அத நான் தப்புன்னு எழுத மாட்டேன்.

— நான் எந்திரிச்சு நடக்குற வரைக்கும் கஞ்சி ஊத்துனா. கெளம்புறப்ப இருந்த அரிசியில பாதியும் ஒரு போர்வையும் குடுத்தா. நான் உசுரோட வந்து ஒன்னையக் கட்டி, இவளப் பெத்ததெல்லாம் அந்தக் கஞ்சியிலதான் கண்ணாத்தா.

— இத எங்ககிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்னங்க? நான் என்னென்னமோ நெனச்சு...

— சொல்லியிருந்தா ஊரு என்ன கேட்டிருக்கும்? "மூக்கன் பர்மாக்காரி வீட்டுல செத்தானாமே, அவ அவனுக்கு என்ன முறை?" ஒரு முறையும் இல்ல, பெரிய மனசு, அவ்வளவுதான்னு சொன்னா யாரு நம்புவா? என்னையவே நீங்க ரெண்டு பேரும் நம்பலயே. சொல்ல மாட்டேன்னு ஒரு வாக்கும் குடுத்திருந்தேன். பேரே போகப் போகுதுங்கவும் மனசு கேக்கல.

— அண்ணே, ஏன் கடலைய அப்புடியே கையில வச்சுக்கிட்டு இருக்கீங்க? அண்ணே...

— மாப்ள. அவ இருக்காளா?

— தெரியாது மச்சான். எப்புடித் தெரியும்?

— அப்பாருக்குத் தெவசம் குடுக்குறப்ப அவளுக்கும் ஒரு எலை போட்டுருவோம்.

— உசுரோட இருக்கிறவளுக்கா எலை போடுவீங்க? திட்டுவா. அவ வாயி சந்தைக்கடை வாயி.

— அப்ப வேண்டாம். இருக்கட்டும் மவராசி, நல்லா இருக்கட்டும். எனக்கு அவ என்ன முறை மாப்ள?

— மகன் வேலையச் செஞ்சவ. ஒங்களுக்கு அக்கான்னு வச்சுக்கங்க.

— அக்கா. நாஞ் சொல்றதக் கேளு தங்கச்சி, எங்க அக்கா எம் பேரப் பொணத்துக்குப் பக்கத்துல ஒக்காந்து பழகியிருக்கு. நான் எங்க அக்கா பேரு நாக்குல வரலன்னு மாத்தச் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். கருவாட்டு யாவாரி சிரிக்கிறான்னு. தூ.

— நாந்தானே அண்ணே ஆரம்பிச்சு வச்சேன்.

— புள்ளையக் குடு.

— தூங்குறா அண்ணே.

— எழுப்ப வேண்டாம். தொட்டிலைக் கொஞ்சம் வெலக்கு. காலு மட்டும் போதும். பத்து வருசமா விழுகணும்னு வச்சிருந்த கும்புடு, இந்தக் கால்ல வச்சுக்கிறேன்... இங்க பாரு, ஒதைக்கிறா! மாமன் மூக்குலயே ஒதைக்கிறா!

— மீசை குத்தியிருக்கும் மச்சான்.

— ஒதைக்கட்டும். மிய்... யா. வருதா?

— பிரிக்கிறீங்க.

— மீ... சை. சே! திங்கக்கெழமைக்குள்ள வந்துருமா மாப்ள? அவ்வளவு சனத்துக்கு முன்னாடி தப்பாச் சொன்னா அது எங்க அக்காவுக்குப் போயிச் சேராதே.

— அவ பழகலையா? நீங்களும் பழகுங்க.

— ஏங்க, எனக்கு மனசுல ஒண்ணு ஓடுது. தப்பா இருந்தாலும் இருக்கும். எங்க ஆத்தா ஆலங்குடிக்கு அங்கிட்டுப் போனதில்ல. பொக்கை வாயி எத்தனையோ இருக்கு இந்த ஊருல, எந்த வாய்க்கும் அந்தப் பேரு வரல. ஆத்தாவுக்கு மட்டும் எப்புடிங்க வருது? நீங்க வாக்குக் குடுத்தது யாருக்கு?

— கம்மாய்ப் பக்கம் போயிட்டு வந்துர்றேன்.

— சொல்லுங்க.

— அத்தைக்குத்தான். வந்த அன்னைக்கே அவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டேன். செத்தவரு பேரு கெடக் கூடாது, ஊருக்குப் பங்காளின்னே சொல்லு தம்பின்னாங்க. அன்னைக்கு ராத்திரி பூராவும் அழுதுக்கிட்டே அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. ஒன்னைய எனக்குக் குடுக்குறப்ப ஒரே ஒண்ணுதான் கேட்டாங்க, பொண்ணு பொறந்தா இந்தப் பேரத்தான் வைக்கணும்னு. பேர வச்சது நான் இல்ல கண்ணாத்தா. ஒங்க ஆத்தா.

— பேனாவ எடுங்க, அந்தத் தலையணைக்குக் கீழ இருக்கு. எழுதிப்புடுறேன். "நாளைய வேலை: விடிந்ததும் ஆத்தாவைக் கூட்டி வர வேண்டும். அண்ணனுக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லப் பழக்க வேண்டும்."