ஊசி போட்ட கை

— …நாலு பேஷண்ட். முதல்ல யார்கிட்ட போவ? சொல்லுக்கா.

— புத்தகத்தை மூடுடி.

— ஒருத்தர் வலி தாங்காம கத்துறார். ஒருத்தருக்கு டிரிப் முடியப்போகுது. ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்னு அடம்பிடிக்கிறார். நாலாவது ஒரு அம்மா. சத்தமே இல்ல, உடம்பெல்லாம் சில்லுன்னு வேர்த்து…

— போதும்.

— புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

— அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி நம்ம அம்மா கண்ணே திறக்காம கிடக்குது. இங்க உக்காந்துக்கிட்டு என்னைக் கேள்வி கேக்குற.

— சரி, கேக்கல. ஆனா பதில் தெரியும்ல?

— தெரியும். அந்த நாலாவது அம்மாகிட்டதான். தெரிஞ்சு என்ன கிழிச்சேன்?

— அப்ப கிளம்பு. முகத்தைக் கழுவு. ஹால் டிக்கெட் என் பையில இருக்கு. நான் அம்மாகிட்ட இருக்கேன்.

— நான் பரீட்சைக்குப் போகல.

— போன தடவை பாஸாகலன்னு சாப்பிடாம கிடந்த. இந்தத் தடவை எழுதறதுக்கு முன்னாடியே விரதமா?

— சிரிக்கிற நேரமாடி இது?

— நீ படிக்கிறதைப் பாத்து அம்மா என்ன சொல்லும்? “நர்ஸ் லைசென்ஸ் வாங்கிட்டு வா, அப்புறம் பயமில்லாம உன்கிட்ட ஊசி போட்டுக்கறேன்”னு…

— அதான் போட்டுட்டேனே.

— அக்கா…

— அன்னைக்கு முதியோர் இல்லத்துல ராத்திரி முழுக்க வேலை. வீட்டுக்கு வந்ததும் இன்சுலினை எடுத்தேன், போட்டேன், படுத்துட்டேன். எவ்வளவு எடுத்தேன்? சிரிஞ்சுல கோட்டைப் பாத்தேனா? எவ்வளவு யோசிச்சாலும் அந்த இடம் மட்டும் இருட்டா இருக்கு.

— நீ சரியாத்தான் எடுத்திருப்ப.

— உனக்கு எப்படித் தெரியும்?

— …தெரியும்.

— பெரிய இவ! டாக்டரே சொல்லிட்டார்ல, சர்க்கரை இந்த அளவுக்கு இறங்கணும்னா இரண்டு மடங்கு போயிருக்கணும்னு. அப்ப நானே சொன்னேன், தூக்கக் கலக்கத்துல கூடுதலா எடுத்திருப்பேன்னு. உன் முகத்துல ஈயாடல. என் அக்கா இப்படிப் பண்ணிட்டாளேன்னு கூசுறன்னு நினைச்சேன்.

— ஐயோ, அது இல்ல.

— பாஸ் ஆயிடுவேனோன்னுதான்டி இப்ப பயம். லைசென்ஸ் கொடுத்துட்டா இந்தக் கை யாருக்கு வேணா ஊசி போடலாம். பெத்தவளுக்கே கணக்குத் தப்பின கை…

— உன் கையைப் பத்தி அப்படிப் பேசாத!

— மெதுவா. நர்ஸ் பாக்குறாங்க.

— எழுதிட்டு வாக்கா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நீ எழுதாம விட்டா என்னால தாங்க முடியாது.

— உன்னால ஏன் தாங்க முடியாது? இதுல நீ அழ என்ன இருக்கு? நீதான் அன்னைக்கு நான் வந்ததுமே காலேஜுக்குப் போயிட்டியே.

— போகல… நீ படுத்தப்புறம்தான் கிளம்பினேன்.

— அதுக்கென்ன?

— அம்மா கூப்பிட்டுச்சு. “உங்க அக்கா வந்ததும் அசந்து தூங்கிட்டா, எனக்கு ஊசி போடவே இல்ல”ன்னுச்சு.

— அம்மாவுக்குத்தான் காலையில குளிச்சது மத்தியானம் ஞாபகம் இருக்காதே.

— எனக்கும் தெரியும். உன்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன். நானும் நர்ஸிங்தானே படிக்கிறேன்னு… கோட்டை நல்லாப் பாத்து, அளவா எடுத்து…

— நீ போட்டியா?

— போட்டேன். டாக்டர் கேட்டப்ப சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ முந்திக்கிட்ட. அப்புறம் காலேஜ்ல துரத்திடுவாங்களேன்னு… ஒரு நாள் சொல்லலாம், இன்னொரு நாள் சொல்லலாம்னு… என்னை அடிக்கா.

— அன்னைக்கே வீட்டுக் குப்பைக் கூடையில இரண்டு சிரிஞ்சு கிடந்ததைப் பாத்தேன்டி… இரண்டு ஊசியையும் நானேதான் அம்மாவுக்குப் போட்டேன்னு நம்பிட்டேன்.