தாளமில்லாத தட்டும் தலையாட்டிய மனிதரும்

அவைக்கு அழகு சேர்த்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தலைவருக்கு இருபுறமும் அமர்ந்து எனக்கு முன்னால் முழங்கி முடித்த அறிஞர் பெருமக்களே, இடம் கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் பெரியோர்களே, வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஆற்றுப்பாலம் திறந்த மாதமே விரிசல் விட்டதே, ஞாபகம் இருக்கிறதா? விரிசலுக்கு வெள்ளையடித்து மறுபடியும் நாடா வெட்டினார்களே? தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, காதல் கடிதமெல்லாம் மூட்டைக்குள்ளேயே மூப்படைந்து போனதே? அந்த வருஷம்தான், ஐயா, சளி பிடிப்பதுபோல் இரண்டு பேருக்குக் கலை பிடித்தது.

யார் அந்த இருவர்? நான் வேன் ஓட்டிய பாட்டுக் குழுவின் கிட்டார்க்காரரும் கீபோர்டுக்காரரும். அந்தக் குழுவின் பாட்டு ஒலிக்காத கல்யாணம் உண்டா? முடிவெட்டும் கடை உண்டா? பாடுகிற அம்மா வாயைத் திறந்தால் கூட்டம் எழும். ட்ரம்ஸ் வாசித்தவர் என் தங்கை புருஷன். ஊரே அவரை 'இடி' என்றது. அவர் அடித்தால் எழுந்த கூட்டம் உட்காராது. ஆனால் ஒரு பத்திரிகைக்காரர், இவர்கள் பாட்டு துணி துவைக்கத் தோதானது என்று எழுதிவிட்டார். துவைக்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இந்த இருவரும் தூக்கம் இழந்தார்கள்.

உடனே தனியாக ஒரு இசைத்தட்டு. இன்று மறுபடி வெளியிடக் கூடியிருக்கிறோமே, அதே தட்டுதான். பாட்டு வேண்டாம், வார்த்தை வேண்டாம், தாளமே வேண்டாமாம். இடி கேட்டார்:

"அப்ப என்னதான்டா வாசிக்கப் போறீங்க?"

"மௌனத்தை வாசிக்கப் போறோம்ணே."

"அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, இனிமேல்தான் சிரிப்பே இருக்கிறது.

தையற்கடைக்கு அடியில் ஒரு ஒலிப்பதிவு அறை. ஒருவர் தொடங்குவார், மற்றவர் தொடங்க மாட்டார். ஒருவர் முடிப்பார், மற்றவர் போய்க்கொண்டே இருப்பார். ஏன்? இத்தனை காலம் இடியின் அடியில் ஏறி உட்கார்ந்தே பயணம் செய்தவர்கள், ஒருநாளாவது தாமாக நடந்திருக்கிறார்களா? ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், மறுநாள்தான் திரும்பினார்.

கடைசியில் என் வேனுக்கு வந்தார் கீபோர்டுக்காரர். "மச்சானைக் கூட்டிட்டு வாங்கண்ணே. குச்சி மட்டும் வேணாம்."

வந்தார் இடி. தட்டின் அட்டையில் என் பேரைப் போடுவீர்களா என்று வாசலிலேயே கேட்டார். போடுவோம் என்று இருவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அதன்பிறகு கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து இடி தலையை ஆட்டினார். அந்தத் தலையைப் பார்த்துத் தொடங்கினார்கள், அந்தத் தலையைப் பார்த்து முடித்தார்கள். சற்று முன் இங்கே பேசிய பேராசிரியர், காலத்தின் கட்டை உடைத்த இசை என்றார். எந்தக் கட்டு உடைந்ததோ, ஐயா, என் மச்சான் கழுத்து சுளுக்கியது உண்மை. குச்சி பிடிக்கிற மனுஷனுக்குக் கழுத்து ஏன் வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தங்கை வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

தட்டு வந்தது. என் மருமகள் அட்டையைப் படித்துச் சொன்னாள். மழைக்கு நன்றி. மரத்துக்கு நன்றி. மௌனத்துக்கு நன்றி. இடிக்கு? பின்வரிசை சொல்கிறது பாருங்கள், இல்லை! கேட்கப் போன மனிதரிடம் கீபோர்டுக்காரர் சொன்ன பதில் இது: "தாளமே இல்லாத தட்டுல தாளக்காரர் பேரைப் போட்டா யாருண்ணே நம்புவா?"

அன்றைக்கு அந்தத் தட்டை யார் வாங்கினார்கள்? விற்காதது கட்டுக்கட்டாக என் வேனிலேயே திரும்பியது. தங்கை ஒன்றை எடுத்துச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். அதற்கும் உதவாமல் வளைந்து போனது. இடி அவர்களோடு மறுபடி மேடை ஏறவில்லை. குழு கலைந்தது. அன்று திரும்பிப் பார்க்காதவர்கள் இன்று காவியம் என்கிறீர்கள். சொல்லுங்கள், மகிழ்ச்சி. தாராளமாகக் கை தட்டுங்கள். தட்டும்போதும் தாளத்தில்தான் தட்டுகிறீர்கள், அதையும் கவனியுங்கள்!

புது அட்டை இதோ திரைக்குப் பின்னால் இருக்கிறது. பழைய இரண்டு பேர்தான் அதிலும். மூன்றாவது பேரைச் சேருங்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். அந்த அறையில் இருந்த எல்லாரும் போய்விட்டார்கள், யாரை விசாரிப்பது என்று கையை விரித்தார்.

போனவர்கள் போனார்கள். கிட்டார்க்காரர் போனார். கீபோர்டுக்காரர் போனார். டீ குடிக்கப் போன ஒலிப்பதிவாளரும் திரும்பாத இடத்துக்குப் போனார். ஆனால் புறப்படும்போது சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒருவர் என்னிடம் சொன்னார்: "எனக்காகக் கெஞ்சாதீங்க மச்சான். கேளுங்க."

கேட்கிறேன். அந்தப் பேரை அச்சடித்த பிறகு திரையைத் திறவுங்கள். அதுவரை அது மூடியே இருக்கட்டும்.

பொறுமை காத்த தலைவருக்கும், பொறுக்காமல் மணியடித்த செயலாளருக்கும், சிரித்தும் சினந்தும் உடனிருந்த உங்களுக்கும் நன்றி சொல்லிக் கைகூப்புகிறேன். விசாரிக்க ஆளில்லை என்றீர்களே? மூன்றாம் வரிசையில், என் தங்கைக்குப் பக்கத்தில், முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இடி.