எர்த் குழிக்கு ஒரு குடம்

மோரைக் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள் அம்மா. பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் கரைப்போம். வேர்வையில் போன உப்பு உடம்புக்குத் திரும்ப வேண்டும் அல்லவா?

கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது. சரி, சொல்கிறேன். என் பெயர் வீரபத்திரன். பாளையம்பட்டியில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சாவு, எல்லா வீட்டுக்கும் போவேன். சித்திரை பிறந்தால் கடை வாசலில் தண்ணீர்ப் பானை வைத்துவிடுவேன். பந்தல்குடிப் பக்கமிருந்து வரும் லாரிக்காரர்கள்கூட நிறுத்திக் குடித்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் என்று வந்த யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. பெரிய தர்மமெல்லாம் நமக்கு முடியாது. இந்த மாதிரிச் சின்ன உபகாரங்களைத்தான் சாமி கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று நம்புகிறவன் நான்.

எங்கள் தொழிலிலும் முதல் வேலை தண்ணீர் ஊற்றுவதுதான். போகிற இடத்தில் ஒரு குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் கம்பி ஒன்றை இறக்குவோம். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கரண்ட் கசிந்தால் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விடும். அதற்கு எர்த் என்று பெயர். ஆனால் எங்கள் காட்டு மண் காய்ந்துவிட்டால் கரண்டை வாங்காது. அதனால் பாட்டுப் போடுவதற்கு முன் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். என் தம்பி மாரிக்கண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் வேலை அதுதான். குழியைப் பார்த்து, "குடி ஆத்தா, குடி" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவான்.

அவனுக்குக் கை சும்மா இருக்காது. காலிப் பெட்டிகளைத் தட்டித் தட்டியே தாளம் பழகினான். மெட்ராஸுக்கு எலக்ட்ரிக் கடை வேலைக்குப் போனவன், சாயங்காலமானால் இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டி ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கிறான் என்று தெரியவந்தது. பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்.

"அங்க யாரும் சினிமாப் பாட்டுப் பாடமாட்டாகண்ணே. அவுகளே எழுதி, அவுகளே பாடுவாக. துட்டெல்லாம் கெடையாது."

"பின்ன எதுக்குலே வாசிக்கீக?"

"சந்தோசத்துக்குத்தான்."

எனக்கு அது புரியவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும், அதற்குமேல் கேட்கவும் தோன்றவில்லை.

எண்பத்தொன்பதில் இறந்துபோனான். ஏதோ ஒரு காலேஜ் விழாவில் வாசித்துவிட்டு வேனில் திரும்பும்போது, டீ குடிக்க ரோட்டைக் கடந்தான், லாரி அடித்துவிட்டது என்றார்கள். உடம்போடு கூட வந்தது அவன் வேலை பார்த்த கடையின் முதலாளி மட்டும்தான். கோஷ்டிக்காரர்கள் யாரும் வரவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள், சாவு வீட்டுக்கு வரப் பயந்திருப்பார்கள் என்று என் மனைவி பொன்னுத்தாயிடம் நான்தான் சமாதானம் சொன்னேன்.

நீங்கள் அந்தக் கோஷ்டிகளைப் பற்றிப் படம் எடுப்பதாகச் சொல்லித் தம்பியின் போட்டோ கேட்டீர்கள். கொடுத்தேன். படம் முடிந்ததும் கேசட் அனுப்புகிறேன் என்றீர்கள், சொன்னபடி அனுப்பினீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. வாடகைக்கு டெக் எடுத்துவந்து நானும் பொன்னுத்தாயும் பார்த்தோம். முடி வளர்த்த பையன்கள் சின்னச் சின்ன ஹாலில் பாடினார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தம்பி பெயர் வருமா என்று கண்ணை எடுக்காமல் இருந்தோம்.

வந்தது. கோஷ்டியின் தலைவர் ஜெயக்குமார் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறார். எங்கள் டிரம்ஸ்காரன் ஒரு பட்டிக்காட்டான், வேனை விட்டு ஒன்றுக்கிருக்க இறங்கினால் நாங்கள் வேனை எடுத்துவிடுவோம், 'ஏலே நில்லுங்கலே, ஏலே நில்லுங்கலே' என்று கத்திக்கொண்டே ஓடிவருவான், கடைசி நாள்கூட அப்படித்தான் ஓடிவந்தான் என்கிறார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். சிரிப்பு முடிவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது.

பொன்னுத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப டீ குடிக்கப் போகலியா?" என்றாள்.

அன்று நான் சாப்பிட்டேன், விபூதி பூசிக்கொண்டேன், படுத்தேன். கோபத்தில் ஒன்றையும் செய்யக்கூடாது என்பது என் கொள்கை. கோபம் முழுவதும் அடங்கட்டும் என்று மறு வருடம்வரை காத்திருந்தேன். பிறகுதான் உங்களுக்கு எழுதிப் போட்டேன். தம்பியின் நினைவு நாளுக்கு ஜெயக்குமார் வந்து ஒரு பாட்டுப் பாடினால் அவன் ஆத்மா சாந்தியடையும், கிட்டாரை மட்டும் எடுத்துவந்தால் போதும், பெட்டியும் மைக்கும் நம்முடையது என்று எழுதினேன். நீங்களும் சந்தோஷப்பட்டு, கேமராவோடு வருவதாகப் பதில் போட்டீர்கள்.

வந்தீர்கள். ஜெயக்குமாருக்கு நானே இலை போட்டுப் பரிமாறினேன். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். அதை நான் சொல்லத்தான் வேண்டும். என்னிடம் இருந்த பெட்டிகளில் பழையதை அவருக்கு ஒதுக்கினேன். மேல்தகட்டில் கரண்ட் கசிகிற பெட்டி, வயரைச் செருகினால் கிட்டார் கம்பிக்கும் வந்துவிடும். குழி நனைந்திருந்தால் அது ஒன்றும் செய்யாது. எத்தனையோ கல்யாணத்துக்குப் போய்வந்த பெட்டிதான். கடைக்குப் பின்னால் இருக்கும் களத்தில் தம்பி படத்துக்கு விளக்கு ஏற்றியிருந்தேன். "சாமிக்குச் சமானம், செருப்பக் கழத்திருங்க தம்பி" என்றேன். உடனே கழற்றிவிட்டார்.

பிறகு நடந்தது உங்கள் கேமராவிலேயே இருக்கிறது. கிட்டாரை ஒரு கையில் பிடித்தபடி மைக்கிடம் வாயைக் கொண்டுபோனார். பாட்டின் முதல் சொல் என் தம்பியின் பெயர் என்று பின்னால் நீங்கள்தான் சொன்னீர்கள். ஹாரன் ஸ்பீக்கரில் எனக்கு 'மா' என்று மட்டும்தான் கேட்டது.

பார்க்க வந்த கரண்டு ஆபீஸ்காரர், இந்த வறட்சியில் எந்த எர்த்துதான் நிற்கும் என்றார். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா வந்திருந்தார்கள். அவர்களுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்காகத்தான். காலையில் வந்து உட்கார்ந்ததும் அழுதீர்கள். கடற்கரையில் அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஜெயக்குமார் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார், 'வண்டிய எடுன்னு சொன்னது நான்தான்' என்றார், படம் நீளுகிறது என்று அதை வெட்டிவிட்டேன், வெட்டாமல் விட்டிருந்தால் அவரை நீங்கள் மன்னித்திருப்பீர்களே என்றீர்கள். அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் அம்மா. சின்ன வயது. உங்கள் மேல் தப்பில்லை.

நீங்கள் கேட்க வந்தது குடத்தைப் பற்றி. அன்று நீங்கள் எடுத்த படத்தில் நான் குடத்தோடு குழியை நோக்கிப் போகிறேன், நடுவில் திரும்பிவிடுகிறேன், அது ஏன் என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன். குழியில் ஊற்றத்தான் போனேன். காலுக்குப் பழகிய வேலை, தானாகப் போயிற்று. நம் வீட்டில் சாப்பிட்டவர் ஆயிற்றே என்று மனசும் கொஞ்சம் இளகியிருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் வெறுங்காலோடு என்னிடம் வந்தார்.

"அண்ணே, பாடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாரி செத்த அன்னிக்கு..."

அவர் தோளில் கை வைத்தேன். "பாடி முடிச்சிட்டுப் பேசுவம் தம்பி. ஆளுக காத்திருக்காக. தரை சுடும், செத்த இருங்க" என்றேன். திரும்பிப் போய், மைக்குக்குக் கீழே அவர் நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் குடத்தைக் கவிழ்த்தேன். ஈரத்தில் கால் வைத்ததும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஆக, தண்ணீரை நான் ஊற்றாமல் இருக்கவில்லை. அவர் காலுக்குத்தான் ஊற்றினேன்.

அன்று ஜெயக்குமாரைச் சொல்லவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். முகத்திலேயே எழுதியிருந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பான். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை அம்மா. அதனால்தான் அவனைக் கேட்கவிடவில்லை.