முதல் ஓட்டம்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலை லாஞ்சிப் படகு அது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். துறை நன்றாகப் பின்னால் போன பிறகுதான் இளையவள் வாய் திறந்தாள்.

"இந்த எஞ்சின என்ட மகன்தான் கழட்டிப் பூட்டினவன், ராத்தா. இண்டைக்குத்தான் முதல் ஓட்டம்."

"யா அல்லாஹ்! வேலை பழகிற பொடியனா? ஏற முந்திச் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி!"

நீந்தத் தெரியாத நானும் காதைக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்க. அவன் வேலை பழகிற கூட்டுறவுச் சங்கத்து வேலைத்தலத்தில ஒரு சட்டம் இருக்கு. பூட்டினவன் முதல் ஓட்டத்தில எஞ்சினுக்குப் பக்கத்திலயே இருக்கவேணும். கீழதான் நிக்கிறான்."

"பழக்கிறதுக்கு எவ்வளவு கட்டினீங்க?"

"கட்டுறதோ? அவங்கதான் கிழமைக்குக் கிழமை அவனுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிப்போட்டு ரெண்டு வருசம் சும்மா இருந்த பிள்ளை. போன மாசம் ஒரு வள்ளத்து எஞ்சினப் பிழையாப் பூட்டி, அது நடுக்கடலில நிண்டு, துடுப்பு வலிச்சு வந்தவன். அந்தக் கிழமையும் சம்பளத்தில கை வைக்கல்ல. அடுத்த நாள் அதே எஞ்சினத்தான் அவன்ட கையில திருப்பிப் பூட்டக் குடுத்தவங்க. அந்த ஆக்கள் நல்லா இருக்கவேணும்."

"நடுக்கடலிலயா!"

மூத்தவள் பலகையை இறுகப் பிடித்தாள். துறை வரும்வரை எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஒருமுறைகூட இருமவில்லை.

நாங்கள் இறங்கும்போது, எண்ணெய்க் கறை படிந்த முகமொன்று கீழிருந்து எட்டிப் பார்த்தது. மூத்தவள் நின்றாள்.

"மகன், பின்னேரமும் இதிலதான் திரும்பிப் போறீங்களா?"

"ஓம், மாமி."

"அப்ப நானும் இதிலதான் வருவன்."