கடைசி வண்டிக்குப் பின்னால்

சாயங்காலம் ஆறேமுக்கால் இருக்கும். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவே போகிற சாலை. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய பாத்திகள்... அங்கங்கே ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள். வீடு கிடையாது. கடை கிடையாது. விளக்குக் கம்பங்கள்கூட ஒரு வளைவோடு நின்றுவிடும்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. என் நண்பன் செந்தூர்வேலுக்குச் சித்தி மகள் ஒருத்தி, இந்துமதி. மில்லர்புரத்துப் பெண். நடந்தது அவளுக்கு.

அன்றைக்கு அவள் ஒரு கார் ராலியின் வாலில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கைக்கடிகாரக் கம்பெனி தன் பெரிய வாடிக்கையாளர்களுக்காக நடத்துகிற ராலி. தாத்தா காலத்துப் பழைய கார்களும், தரையை உரசிக்கொண்டு போகிற புது ஸ்போர்ட்ஸ் கார்களும் கலந்து வரும். துறைமுகத்துப் பக்கம் கொடியசைத்து, ஸ்ரீவைகுண்டத்தில் மதியச் சாப்பாடு, சாயர்புரம் வழியாகத் திரும்பி, கடற்கரை ஹோட்டலில் விருந்து. சென்னை வேலையை உதறிவிட்டு வந்த இந்துமதி தனியாக எடுத்துச் செய்த முதல் நிகழ்ச்சி. அவள் எல்லோருக்கும் கொடுத்திருந்த வாக்கு ஒன்றுதான். ஒருவரைக்கூட ரோட்டில் விட்டுவிட்டு வரமாட்டேன்.

அதற்காகத்தான் கடைசி வண்டி. ராலியில் எல்லா கார்களுக்கும் பின்னால் ஒரு வண்டி வரும். பின்பக்கம் பச்சைக்கொடி கட்டியிருக்கும். வழியில் யாராவது பழுதாகி நின்றால் அவர்களை ஏற்றிக்கொள்வது அதன் வேலை. அதற்குப் பின்னால் ஒரு காரும் வரக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வழிகாட்ட நிற்கிறவர்கள், அந்தப் பச்சைக்கொடி தாண்டிப் போன பிறகுதான் இடத்தைவிட்டு நகரலாம். இந்துமதி போட்ட சட்டம் இது.

கடைசி வண்டி ஓட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல். அவளே எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் தூரத்தில் போகிற சிவப்பு விளக்குகள் மட்டும். முன்னால் சிரிப்பு, புகைப்படம், ஆரவாரம். அவள் போய்ச் சேரும்போது ஒவ்வொரு இடமும் காலியாகியிருக்கும். காகிதத் தட்டும் புழுதியும்தான் மிச்சம். பேச்சுத்துணைக்கு ஒரு வாக்கி-டாக்கி. அதில் ரேச்சல்.

ரேச்சல் அவளோடு படித்தவள். சாயர்புரத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் விசில் எப்போதும் தொங்கும். சர்ச்சுக்குப் போனால்கூட. உப்பள வளைவில் அவள்தான் காவல். ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு பிளாஸ்க். பக்கத்தில் அவளுடைய ஸ்கூட்டர்.

இந்துமதி வளைவைத் தாண்டியதும் ரேச்சல் டார்ச்சை ஆட்டினாள். கொஞ்ச தூரம் போயிருப்பாள். வாக்கி கரகரத்தது.

"ஏளா, நீதான கடைசின்ன?"

"ஆமா. நாற்காலிய மடக்கிட்டுக் கெளம்பு."

"பின்னால ஒண்ணு வருதே."

"வெளையாடாத ரேச்சல்."

"பழைய வண்டி. உருண்டை லைட்டு. அதுலயும் ஒண்ணுதான் எரியுது."

இந்துமதி கண்ணாடியைப் பார்த்தாள். ரேச்சலின் டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பழைய கார் என்றால் வன்னியபெருமாள் அண்ணாச்சியாக இருக்கும்... கருப்பட்டி வியாபாரி. வழியில் பதநீர் எங்கே கிடைத்தாலும் இறங்கிவிடுவார். முன்னால் விட்டுவிடலாம் என்று ஓரம் கட்டினாள். எந்த ராலிக்காரரும் செய்வதுதான்.

இன்ஜினை அணைத்தாள்.

காற்று... எங்கோ உப்பளத்து மோட்டார் 'தக்... தக்' என்றது. பிறகு அதுவும் நின்றது. ஈர உப்பின் வாடை. அதோடு இன்னொன்று. கருகிய ஆயில். நனைந்த தோல் சீட்டின் புழுங்கல் வாடை.

"வருதா?" என்று கேட்டாள்.

"இல்ல ஏளா. நீ நின்னதும் அதுவும் நின்னுட்டு. எனக்கு அந்தப் பக்கம் நிக்குது."

இந்துமதி ஹோட்டலில் இருந்த உதவியாளர் முத்துச்செல்விக்குப் போன் போட்டாள். "எல்லாரும் வந்தாச்சு மேடம்" என்றாள் அவள். "அண்ணாச்சி மூணாவது தட்டு பஜ்ஜியில இருக்காரு. நீங்க ஒருத்திதான் பாக்கி. கம்பெனிக்காரங்க மணியப் பாத்துக்கிட்டே இருக்காங்க. கடைசி வண்டி வராம பரிசு குடுக்க மாட்டாங்களாம்."

எல்லோரும் வந்தாகிவிட்டது. அப்படியென்றால்...

வாக்கியில் ரேச்சலின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "ஏளா... அதுலயும் ஒரு பச்சைக்கொடி கட்டியிருக்கு."

"நீ ஸ்கூட்டர எடுத்துட்டு வா. இப்பவே."

"கடைசி வண்டி தாண்டாம எப்படி வர? நீ போட்ட சட்டந்தான..." ஒரு சின்னச் சிரிப்பு. "போ. உம் பொழப்பக் கெடுத்துக்காத. யாராவது உப்பு ஏத்துற ஆளா இருக்கும். இது போனதும் வாரேன்."

திரும்பிப் போயிருக்கலாம். நூறு அடி இருக்குமா? போயிருக்கலாம்... இந்துமதி வண்டியை முன்னால் எடுத்தாள்.

ஹோட்டல் வாசலில் கைதட்டல். கம்பெனி அதிகாரி கை கொடுத்தார். "ஒருத்தர் விடாம கொண்டுவந்து சேத்துட்டீங்க. அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான்" என்றார். மாலை, படம், வாத்தியம். அத்தனை வெளிச்சத்திலும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் வரவில்லை.

தட்டைக் கையில் எடுத்தபோது இடுப்பிலிருந்த வாக்கி பேசியது.

"இந்துமதி... இன்னும் இங்கனதான் நிக்கேன். அது தாண்டவே இல்ல."

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். யாரையும் கூப்பிடவில்லை. விருந்து கெட்டுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

வளைவில் வண்டியைத் திருப்பி, ஊரைப் பார்க்க வைத்துக்கொண்டாள். இன்ஜினை அணைக்காமல் இறங்கினாள். ஸ்கூட்டர் நின்றது, சாவியோடு. நாற்காலி இருந்தது. பிளாஸ்க் மூடியில் ஊற்றி வைத்த டீயிலிருந்து இன்னும் ஆவி வந்தது. நாற்காலியின் மேல் ரேச்சலின் வாக்கி.

ரேச்சல் இல்லை.

"ரேச்சல்..." பாத்திகளில் குரல் போய்க் கரைந்தது. அந்தப் புழுங்கல் வாடை இப்போது வெகு பக்கத்தில்.

அப்போதுதான் அவள் இடுப்பிலிருந்த வாக்கி கரகரத்தது. ரேச்சலின் வாக்கி கண்ணெதிரே நாற்காலியில் கிடக்கிறது... பேசுவது ரேச்சல்.

"பயப்படாத ஏளா. என்னைய ஏத்திக்கிட்டாங்க. உம் பின்னாலதான் வாரோம்."

இந்துமதி எப்படி வண்டியில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடியில் ரோடு காலி. வாக்கி மட்டும் பேசிக்கொண்டே வந்தது. வகுப்பில் பேசியது, கபடி மைதானத்தில் சண்டை போட்டது... பகலெல்லாம் அவள் ஏங்கிய பேச்சுத்துணை. நடுவில் ஒருமுறை விசில் சத்தம். பிறகு, கெஞ்சுகிற மாதிரி, "கொஞ்சம் நில்லேன் ஏளா. இங்க இன்னும் ஒரு எடம் கெடக்கு."

கால் பிரேக்கின் மேல் போய்விட்டது என்கிறாள். அழுத்தவில்லை.

விடிகிறவரை எங்கேயும் நிற்காமல் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறாள். சிக்னலில்கூட நிற்கவில்லை. ரோட்டில் பால்காரர்கள் வந்த பிறகுதான் மில்லர்புரத்தில் வீட்டு வாசலில் நிறுத்தினாள். கதவைத் திறந்தவன், அன்றிரவு அங்கே தங்கியிருந்த செந்தூர்வேல். "ரேச்சல ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

போலீஸ் தேடியது. உப்பளத்து ஆட்கள் பாத்தி பாத்தியாகத் தேடினார்கள். இன்றுவரை ரேச்சல் கிடைக்கவில்லை.

செந்தூர்வேல் அன்றைக்குக் காலையில் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறான். பின்பக்கம் இந்துமதி கட்டிய பச்சைக்கொடி இருந்தது. புது நைலான் துணி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கொடி. பழைய பருத்தி, வெளுத்து, உப்புப் பூத்து விறைத்துப் போயிருந்தது.

அதை வண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு மஞ்சள் கயிறு. விசில் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.